சிரிப்பை நிறுத்தப் போன வீடுகள்

"கண்டுக்காதே, தானா சரியாயிடும்" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்கிற என் வயதுக்காரர்களே, உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. முழங்கால் வலித்தால் அப்படிச் சொல்கிறோமா? மறுநாளே டாக்டரிடம் போய் வரிசையில் உட்காருகிறோம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கேலி செய்கிறார்கள் என்று ஒரு குழந்தை வந்து நின்றால் மட்டும் நமக்கு எங்கிருந்தோ பொறுமை வந்துவிடுகிறது. போன மாதம் ஒரு காதுகுத்துப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் பேத்தியிடம் இதைத்தான் சொன்னார். அந்தப் பெண் இலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியது. அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் ஒரு மழைக்காலம் முழுக்க நானும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். பட்டாபிராமில், ராணுவக் கிடங்குக்குப் பிரிந்து போகும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். விடியற்காலை ரயிலுக்குப் போய்விட்டு, சட்டையில் கிரீஸ் வாடையோடு இருட்டுகிற நேரத்தில் வருவார். மழை பெய்தால் எங்கள் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். நான் அலுமினியப் பெட்டியில் புத்தகம் வைத்துக்கொண்டு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நடப்பேன். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டி. மழைத் தண்ணீர் இறங்கி, நோட்டுப் புத்தகத்தில் இங்க் எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்து கிடக்கும். அந்தப் பெட்டியும் இன்று இல்லை, அந்த இங்க் வாசனையும் இல்லை.

எனக்குப் பேச்சு திக்கும். இப்போதும் திக்கும், அப்போது அதிகம். என் பெயர் 'ப'வில் தொடங்குவது. ஊரும் பட்டாபிராம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது எனக்கு மலையேறுவது மாதிரி. சொல் தொண்டையில் தயாராக இருக்கும். உதடு மட்டும் ஒட்டிக்கொண்டு திறக்காது. நமத்துப்போன தீக்குச்சியை உரசி உரசிப் பார்ப்பதுபோல இருக்கும். ஒருநாள் அம்மா புளி வாங்கிவரச் சொன்னாள். நான் உப்பு வாங்கி வந்தேன். 'உப்பு' எனக்கு வாயில் வரும், 'புளி' வராது. அம்மாவுக்கு அது தெரியவில்லை. "காதுல இன்னா வச்சிகினு கீற?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு பேச்சு சரியாக வரட்டும் என்று வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவுவதும் நடந்தது. அதன் காரம் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை நாக்கிலேயே இருக்கும்.

எங்கள் வகுப்பில் ஒரு லாரிக்காரர் மகள் இருந்தாள். அவள் அப்பா ஏரி மண் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். பெண் நல்ல உயரம், கணீரென்ற குரல். யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்டுவாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது, ரயிலில் சுண்டல் விற்கிறவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பொட்டலம் மடிப்பது எல்லாவற்றையும் அவள் செய்தால் நேரில் பார்த்த மாதிரியே இருக்கும். நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அவள் என்னைச் செய்து காட்ட ஆரம்பித்தாள்.

கிடங்குத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பெட்டி கோப்பார்கள், அதற்கு ஷண்டிங் என்று பெயர். 'டக்… டக்… டக்…' என்று பெட்டிகள் ஒன்றோடு ஒன்று மோதும் சத்தம் எங்கள் வகுப்பு வரைக்கும் கேட்கும். டீச்சர் வருகைப் பதிவேட்டில் என் பெயரைக் கூப்பிட்டு, நான் எழுந்து 'பிரசென்ட்' சொல்ல வாயைத் திறந்து முட்டிக்கொண்டு நின்றபோது, பின்னால் இருந்து அவள் அந்தச் சத்தத்தை அப்படியே எழுப்பினாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு 'ஷண்டிங்' என்று பெயர்.

"ஷண்டிங் வந்துகினு கீது, வயி வுடுங்கடி!"

தண்ணீர்க் குழாயில், சாப்பாட்டு மரத்தடியில், பிரேயரில், எங்கே போனாலும் இதே கதைதான். எனக்குப் பழகிப்போன குரல்கள்கூட 'டக் டக்' என்றன. மதியச் சாப்பாட்டை மரத்தடியில் சாப்பிடுவதை விட்டுவிட்டு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வேன். வீட்டில் வயிற்றுவலி என்பேன். 'வ' எனக்கு வரும்.

பெரியவர்கள் ஒன்றும் செய்யாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வகுப்பு டீச்சர் நல்லவர். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே உன் பேரைக் கூப்பிட மாட்டேன்மா. நீ இருக்கறது எனக்குத் தெரியுது இல்ல? நானே குறிச்சிக்கிறேன்" என்றார். எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாள் என் பெயர் இருந்த இடத்தைத் தாண்டி அடுத்த பெயருக்கு அவர் போனபோதுதான் புரிந்தது. வகுப்பில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இருக்கிற பெயர்களில் என்னுடையது மட்டும் இல்லை. டீச்சர் என் கஷ்டத்தைத் தீர்ப்பதாக நினைத்து என்னையே எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

அப்பா செய்தது வேறு. தெருப் பிள்ளைகள் மூலம் அம்மாவுக்குத் தெரிந்து, அவள் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கையைப் பிடித்து லாரிக்காரர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். தெருவில் லாரி நின்றிருந்தது. லாரிக்காரர் லுங்கியோடு டயருக்குக் காற்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"உம் பொண்ணு எம் பொண்ண நாள் பூரா கிண்டல் பண்ணிகினு கீதாம். இன்னான்னு கேளு" என்றார் அப்பா.

"இன்னாடி, மெய்யாலுமா?" என்றார் அவர். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்தார். அவள் அம்மா உள்ளே கதவோரம் கரண்டியோடு நின்றாள், வெளியே வரவில்லை. "அடிக்காத நைனா… அடிக்காத நைனா…" என்று மகள் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன.

"வுடுப்பா, போதும் வுடு" என்று அப்பா சொன்னார். அதைச் சொல்வதற்குள் அவள் கை, கால் எல்லாம் தடித்துவிட்டன.

திரும்பும் வழியில் அப்பா எனக்கு பன் வாங்கிக் கொடுத்தார். "இனிமே வாயத் தொறக்க மாட்டா" என்றார். ஒரு வேலையை முடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அந்த பன்னைக் கடிக்காமல் வீடுவரை கையிலேயே கொண்டுவந்தேன். அடி வாங்கும்போது அவள் தன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் நிலைமை இன்னும் மோசமானது. முன்பு அவள் விளையாட்டுக்குச் செய்தாள். இப்போது பழி தீர்க்கச் செய்தாள். என் பெட்டி மழையில் திறந்து கிடந்தது. பாவாடைப் பின்பக்கம் சாக்பீஸால் கூட்ஸ் வண்டி வரைந்திருந்தது. நான் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் அந்த பெல்ட்டை நான் பார்க்க வேண்டிவரும்.

அப்படிப் பொறுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். அன்று விளையாட்டுப் பீரியடுக்கு மழை. எல்லோரும் வராந்தாவில் நின்றிருந்தோம். அவள் வழக்கம்போல என்னைச் செய்து காட்டினாள். நான் அழாமல் இருப்பதற்காக அவள் முகத்தையே உற்றுப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. 'டக் டக்' என்று சொல்லிவிட்டு ஒவ்வொருத்தி முகமாகத் தேடிக்கொண்டு போனாள். ஒருத்தி சிரித்ததும் அவள் முகம் விரிந்தது. அடுத்தவள் சிரித்ததும் இன்னும் விரிந்தது. யாரோ ஒருத்தி மழையைப் பார்த்துக்கொண்டு சிரிக்காமல் நின்றாள். அவளுக்காகவே இன்னொரு தடவை சத்தமாகச் செய்தாள்.

எனக்குப் பன்னிரண்டு வயது. இதற்கெல்லாம் பெயர் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. இவள் ஒருத்தியை என்னால் நிறுத்த முடியாது. அப்பாவாலும் முடியவில்லை. இவளுக்கு வேண்டியது என் அழுகை இல்லை, அவர்கள் சிரிப்பு. சிரிக்கிறவர்களை நிறுத்திப் பார்க்கலாம்.

கூட்டத்துக்கு நடுவில் என்னால் பேச முடியாது. ஒருத்தியோடு தனியாக நின்றால் கொஞ்சம் முடியும். அதனால் வீடு வீடாகப் போவது என்று முடிவு செய்தேன். என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். 'ப' வரக்கூடாது, 'க' முன்னால் நிற்கக்கூடாது. கடைசியில் ஒரு வாக்கியம் கிடைத்தது: "அவ என்னை மாதிரி செஞ்சா, நீ சிரிக்காத." அடுப்படியில், கொல்லையில், குளிக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். வீட்டுப்பாடம் கேட்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சாயங்கால வேளைகளில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் உபதேசியார் மகள். சர்ச்சுக்குப் பின்னால் வீடு. என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறியது. நான் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது. அவள் இடையில் புகுந்து முடித்துவைக்கப் பார்த்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நானே முடித்தேன்.

"நான் சிரிக்கலியே. சும்மா… எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள். பிறகு கீழே பார்த்தாள். "சிரிச்சேன். சரி, இனிமே மாட்டேன்" என்றாள்.

அடுத்தது தையற்காரர் மகள். பூந்தமல்லியிலிருந்து வந்து மார்க்கெட் பக்கம் கடை போட்டிருந்தார்கள், முன்னால் கடை, பின்னால் வீடு. அவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நான் வாய் முட்டி நிற்பதைப் பார்த்து அவள் அம்மா மெஷினை நிறுத்தினாள். சத்தம் நின்றதும் என் சொல் வந்துவிட்டது. அவள் அம்மாவும் கேட்டுவிட்டாள். "நீயுமா சிரிச்சே?" என்று மகளைக் கேட்டாள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குக் காது வரை சிவந்துபோனது. எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

ஹவில்தார் மகள் வீடு ராணுவக் குடியிருப்பில் இருந்தது. கேட்டில் நின்ற காவலாளி இந்தியில் ஏதோ கேட்டார். தமிழிலேயே எனக்கு வராது, இந்தியில் எங்கே? அவள் சைக்கிளில் வரும்வரை மழையில் நின்றேன். அவள் மற்றவர்களைப் போல மழுப்பவில்லை.

"நான் சிரிக்கலன்னா அடுத்தது என்னைத்தான் புடிப்பா. எனக்குப் பல்லு எடுப்பா இருக்குல்ல? ஆரம்பிச்சிடுவா" என்றாள்.

எனக்கு அதுவரை இது தோன்றவேயில்லை. இவளும் பயந்துதான் சிரித்திருக்கிறாள்.

"எ… எல்லாரும் சிரிக்கலன்னா?" என்றேன்.

அவள் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு யோசித்தாள். "யார் யார் சரின்னாங்க?" என்றாள். சொன்னேன். "அப்ப நானும்" என்றாள். அதோடு நிற்கவில்லை, குடியிருப்பில் இருந்த மற்ற பெண்களிடமும் தானே பேசுவதாகச் சொன்னாள்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. வகுப்புத் தலைவி, "இதுக்கெல்லாம் ஊடு தேடி வருவியா? போடி" என்று கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி என் முகத்துக்கு நேராகவே சிரித்தாள். அன்று திரும்பி வரும்போது அழுதேன். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் குடையை எடுத்தேன்.

கடைசியாக டீச்சரிடம் போனேன். "டீச்சர், எ… என் பேரைக் கூப்பிடுங்க. எனக்கும் வாசிக்கக் குடுங்க."

"எதுக்கும்மா உனக்கு இந்த வம்பு?"

"வேணும் டீச்சர்."

அவர் பதிவேட்டை இழுத்து என் பெயருக்கு நேரே விரலை வைத்தார். "சரி" என்றார்.

மறுநாள் தமிழ்ப் பீரியடில் என் முறை வந்தது. பாடம் பனைமரத்தைப் பற்றியது, வரிக்கு வரி பனை. வேறு பாடமே கிடைக்கவில்லையா என்று இன்றும் நினைக்கிறேன். எழுந்தேன். "ப… ப… ப…" என்று முட்டியது. பின்னால் இருந்து 'டக்… டக்…' வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. வகுப்புத் தலைவி மட்டும் ஒரு 'க்ளுக்' விட்டாள். பக்கத்தில் யாரும் சேர்ந்துகொள்ளாததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். லாரிக்காரர் மகள் இன்னும் சத்தமாகச் செய்தாள். அவளே சிரித்தும் பார்த்தாள். ஓட்டுக் கூரை, மழை, அத்தனை பெண்கள் இருக்கும் அறையில் அந்த ஒற்றைச் சிரிப்பு எழுந்து, தானாகவே அடங்கியது. டீச்சர் புத்தகத்தை மூடவும் இல்லை, என் சொல்லை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. நான் வாசித்தேன். நடுவில் பெல் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பத்தியை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். 

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த சில நாட்கள் எனக்கு ராஜமரியாதை. மரத்தடியில் எனக்கு இடம் போட்டு வைத்தார்கள். லாரிக்காரர் மகள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு மதியம், ஹவில்தார் மகள் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். "அடிக்காத நைனா… அடிக்காத நைனா…" என்று கத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் தெருவில் யாரோ பார்த்து, யாரோ சொல்லி, வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார் மகளும் சிரித்தாள். சிரித்துவிட்டு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கான பரிசு அது. நான் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டுத் தலையைக் குனிந்திருந்தாள்.

பழகி வைத்திருந்த வாக்கியம் எதுவும் அப்போது உதவவில்லை. "நி… நிறுத்துங்கடி" என்றேன்.

ஹவில்தார் மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உனக்காகத்தானே பண்றேன்?" என்றாள்.

"எ… எனக்காக வேணாம். யாரையும் வேணாம்."

"உன்னை அவ்ளோ அழ வச்சாளே?"

"அவ அடி வாங்குனப்ப நா… நான் அங்கதான் நின்னேன். அது சிரிக்கிற விஷயம் இல்ல."

நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மறுபடியும் சைக்கிள் கொட்டகைதான் என்று நினைத்தேன். பரவாயில்லை என்றுதான் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் தையற்காரர் மகள் என் பின்னால் வந்து நின்றாள். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஹவில்தார் மகள் கடைசியில் வந்தாள், இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு.

லாரிக்காரர் மகள் நன்றி சொல்ல வரவில்லை. குழாயடியில் என்னை மறித்தாள். "உன்னை யாரு கேட்டா? எனுக்கோசரம் நீ பேசணும்னு நான் வந்து நின்னனா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. வகுப்புக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்காகத் தாவணியை இழுத்துச் செருகியபோது முழங்கைக்கு மேலே புதிய தடிப்பு தெரிந்தது. அது அந்த ஞாயிற்றுக்கிழமையுடையது இல்லை.

"இ… இன்னும் அடிக்கிறாரா?"

"உங்கப்பா வந்துட்டுப் போனதுலேர்ந்து தெனிக்கும்தான். இஸ்கூல்ல எவகிட்டயாவது வம்பு வளத்தியான்னு கேட்டுக் கேட்டு அடிக்குது. போ, போய் உங்கப்பாகிட்ட சொல்லு."

கோபத்தில்தான் சொன்னாள். நான் போய்ச் சொன்னேன்.

அப்பா அப்போது கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் என் பேச்சை இடையில் முடித்துவைக்காமல் கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். "வா" என்றார்.

லாரிக்காரர் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் புகார் என்று நினைத்து, "ஏய், வாடி வெளியே!" என்று குரல் கொடுத்தார்.

"அவளக் கூப்புடாத. உன்னாண்டதான் பேச வந்தேன்" என்றார் அப்பா. "அன்னிக்கு நான் வந்து நின்னது தப்பு. கொயந்தைங்க சண்டைய உன் பெல்ட்டாண்ட கொண்டாந்து வுட்டுட்டேன். இனிமே அந்தப் பொண்ணு மேல கை வைக்காத."

"எம் பொண்ண நான் அடிப்பேன். உனுக்கு இன்னா?"

"அடிச்சிப் பாரு. தெனிக்கும் இப்டி வந்து கேப்பேன்."

"தெனிக்கும் வருவியா? வேலவெட்டி இல்லியா உனுக்கு?"

"வேல முடிஞ்சிதான் வருவேன்."

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர். மறுநாளிலிருந்து ரயிலிறங்கி நேராக வீட்டுக்கு வராமல், சேறும் சகதியுமாகக் கிடந்த அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். லாரிக்காரர் வீட்டு வாசலில் நின்று, "பொண்ணு நல்லாக்கீதா?" என்று கேட்பார். முதல் வாரம் லாரிக்காரர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினார். பிறகு கெட்ட வார்த்தையில் திட்டினார். அப்பா அதையும் நின்று கேட்டுவிட்டு வந்தார். தெருவில் இருந்தவர்களும் இந்த வேடிக்கையைப் பார்க்க வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். அத்தனை பேர் பார்க்க, அத்தனை பேர் கேட்க, லாரிக்காரருக்கு பெல்ட்டை எடுக்கும் கை கூசியிருக்க வேண்டும். பொங்கலுக்கு முன்பு ஒரு நாள், "வந்துட்டான்யா ரேஷன் இன்ஸ்பெக்டரு" என்று அலுத்துக்கொண்டு, உட்கார ஒரு முக்காலியை நகர்த்தினாராம்.

நானும் அவளும் சிநேகிதிகள் ஆகவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் பத்தாவது வரை ஒரே வகுப்பில் படித்தோம். அவள் மறுபடி எவளையும் அழ வைத்து நான் பார்க்கவில்லை. முழங்கையில் புதிய தடிப்பும் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் லாரி வெளியூர் லோடுக்குப் போயிருந்தது. அப்பா வழக்கம்போல வாசலில் நின்று கேட்டிருக்கிறார். உள்ளிருந்து அவளே வெளியே வந்தாளாம்.

"நல்லாக்கீறேன் மாமா. நைனா வர நாலு நாள் ஆவும். அதுவரிக்கும் நீங்க இந்தப் பக்கம் சுத்திகினு வர வேணாம், நேரா ஊட்டுக்குப் போங்க" என்றாளாம்.

அப்பா வீட்டுக்கு வந்து அதை அவள் சொன்னபடியே சொல்லிக் காட்டினார். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாளும் அந்தத் தெரு வழியாகத்தான் வந்தார்.